மருந்து இல்லாததையும் வைங்க

ஜெபமாலையின் மூன்றாம் பத்தில் ஏழாவது மணியில் விரல் நின்றுவிட்டது. எப்போதும் இப்படி நிற்காது. கை தானாக நகரும், வாய் தானாகச் சொல்லும், மனசு அதன்பாட்டுக்கு அடுப்படிக்கும் கோழிக்கூட்டுக்கும் போய்ச் சுற்றிவிட்டு வரும், திரும்பி வந்து பார்த்தால் பத்து முடிந்து அடுத்த பரலோக மந்திரத்துக்குப் பெரிய மணி காத்துக்கொண்டிருக்கும். நாற்பது வருஷப் பழக்கம். இன்றைக்கு இந்த ஏழாவது மணி விரலைப் பிடித்துக்கொண்டது. பிசுபிசுக்கிறது. எதனால் பிசுபிசுக்கிறது என்று எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் குனிந்து பார்க்காமல் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை, துக்க இரகசியங்கள், மூன்றாவது முள்முடி, ஆண்டவருடைய தலையைச் சுற்றி முள்ளைப் பின்னி வைத்தார்கள், தலையைச் சுற்றி, தலையைச் சுற்றி, வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். மடியில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. பைக்குள் இவருடைய மாத்திரை எல்லாம். ஓரத்தில் பிளாஸ்க். பிளாஸ்க் இன்னும் சூடாக இருக்கிறது, சேலைக்கு மேலேகூடத் தொடையில் அந்தச் சூடு தெரிகிறது, ஒரு பூனைக்குட்டி படுத்திருக்கிற மாதிரி. பதினோரு மணிக்கு இவருக்குக் கொடுக்க வேண்டிய சுக்குக் காப்பி. மணி பத்தே கால். இவர் அந்தக் கடைசி அறைக்குள் படுத்திருக்கிறார், நெஞ்சில் ஒயர் மாட்டி. கதவு பச்சைக் கலர். கதவுக்கு மேலே ஒரு பல்லி அசையாமல் இருக்கிறது. டாக்டர் இவர் கையைப் பிடித்து நாடி பார்த்தபோது அவர் உதடு எண்ணியது, எண்ணிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றது, பிறகு மறுபடி எண்ணியது. என் விரல் நின்ற மாதிரியே. "நடுவுல நடுவுல விட்டுப்போகுதும்மா. போன மாசம் நல்லா இருந்தாரே. காரணம் தெரியலைன்னா நான் எதை நிப்பாட்டுறது, எதைக் கூட்டுறது? இப்படியே விட்டா ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது." ஒரு நேரம் போல. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அவர் பேனாவை மூடினார். டொக் என்று ஒரு சத்தம். அவ்வளவு சின்னச் சத்தம்தான் அதுவும் என்று எனக்குத் தோன்றியது. நெஞ்சு நின்றுபோனால் அவ்வளவு சின்னதாகத்தான் கேட்கும் போல.

என் டோக்கன் நாற்பத்து மூன்று. இப்போது நாற்பத்து ஒன்று நடக்கிறது. மருந்து வாங்குகிற ஜன்னல் இல்லை இது, அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மேசை போட்டிருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமை மட்டும். டாக்டர்தான் இங்கே அனுப்பினார். வீட்டில் சாப்பிடுகிற எல்லாவற்றையும் பையோடு அள்ளிக்கொண்டு வந்து காட்ட வேண்டும், ஒன்றுக்கொன்று ஆகுமா ஆகாதா என்று பார்த்துச் சொல்வார்கள். மேசையில் இருக்கிற பிள்ளைக்கு என் மகள் செலினைவிடப் பத்து வயசு குறைவாக இருக்கும். பெனாசிர் என்று சட்டையில் எழுதியிருக்கிறது. தலையில் வெளிர்நீல முக்காடு, மூக்கில் ஒரு பொட்டு வெளிச்சம். எதிரே நீலப் பிளாஸ்டிக் தட்டு, நாங்கள் மீன் கழுவுவதற்கு வைத்திருப்போமே அந்த மாதிரி. நாற்பத்து ஒன்றாம் டோக்கன்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக அதில் எடுத்து வைக்கிறார், ஒரு புட்டியை மட்டும் கைக்குள் வைத்துக்கொண்டார். "அது என்ன தாத்தா?" "இது மருந்தில்லம்மா. அருகம்புல் சாறு." "வைங்க." "மருந்தில்லன்னு சொல்லுதேன்லா. மாடு திங்குத புல்லு." "மாட்டுக்கு யாரும் பிரஷர் மாத்திரை கொடுக்கலையே தாத்தா. மருந்து இல்லாததையும் வைங்க." வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்த வாய் மூடுவதற்குள் பிளாஸ்கைப் பைக்குள் இன்னும் தள்ளினேன். மருந்து இல்லாததையும். காலையில் டாக்டர் கேட்டபோது நான் என்ன சொன்னேன்? "வேற ஏதாவது கொடுக்கீங்களா, லேகியம், பொடி, நாட்டு மருந்து?" "ஒண்ணும் இல்ல டாக்டர்." கையில் ஜெபமாலையை வைத்துக்கொண்டு சொன்னேன். ஆனால் மாதாவே, அது பொய்யா? மருந்தென்றால் மருந்து. அதற்குச் சீட்டு உண்டு, தேதி உண்டு, கசப்பு உண்டு. இது வேர். ஒரு வேர். இனிப்பான வேர். வெந்தயத்தை மருந்தென்று சொல்வோமா, சீரகத்தைச் சொல்வோமா? அடுப்படியில் இருப்பது அடுப்படிச் சாமான். அப்படித்தான் சொன்னேன், பொய் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்றால் விரல் ஏன் நின்றது?

போன வருஷம் பெரிய வெள்ளி. அங்கேதான் எல்லாம் ஆரம்பம். எங்கள் ஊர்க் கோவிலில் சாயங்காலம் ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கி மாதாவின் மடியில் கிடத்துகிறபோது ஒரு புலம்பல் உண்டு. ஆர்மோனியம் கிடையாது, மைக் கிடையாது, ஒரே ஒரு ஆள் குரல். நாற்பது வருஷத்துக்கு மேலாக அது இவர் குரல். மகனே என்று ஒரு சொல் வரும், அந்த ஒற்றைச் சொல்லை இவர் இழுப்பார், மூச்சு கட்டி, மேலே கொண்டுபோய், அங்கே ஒரு நடுக்கம் கொடுத்து, பிறகு படிப்படியாக இறக்குவார், கோவிலுக்குள் ஒரு பிள்ளைகூட அழாது, பெரியவர்கள்தான் அழுவார்கள். கல்யாணமான முதல் வருஷம் நான் அதைக் கேட்டுவிட்டு இரவெல்லாம் இவரைப் பயந்துகொண்டே பார்த்தேன், பகலில் மில்லில் நூல் கட்டுகிற மனுஷனுக்குள் இப்படி ஒரு தாய் எங்கே இருக்கிறாள் என்று. போன வருஷம் அந்த இழுப்பு பாதியில் உடைந்தது. காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. இருமல் வந்தது. பின்னாலிருந்து பாடல் குழுவின் ஜெரால்டு சட்டென்று எடுத்துப் பாடி முடித்துவிட்டான், அவனைக் குறை சொல்ல முடியாது, நல்ல பிள்ளை. இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். உயிர்த்த ஞாயிறு அன்றைக்குக்கூடக் கறி தொடவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் இவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் மழைக்காலத்தில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரி, இருதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள், சின்ன வெள்ளை மாத்திரை, நீர் பிரிகிற மாத்திரை, உப்புக் குறைக்கணும், சீனி வேண்டாம். உயிர் தப்பியது. தொண்டை மட்டும் திரும்பவில்லை. இந்த வருஷம் தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் அன்றைக்கு நெற்றியில் சாம்பலோடு வந்து பின்வாசலில் நின்று யாருக்கும் கேட்காதபடி அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்தார். எனக்குக் கேட்டது. உடைந்த கொட்டாங்கச்சியை மண்ணில் தேய்க்கிற மாதிரி. நான் அரிவாள்மணையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், கண்ணீருக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. மறுநாளே நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். "பாட்டுப் பாடுதவுகளுக்கு அதிமதுரம்தான்க்கா. வேருதானே, வேரு என்ன செய்யப்போகுது" என்று கடைக்காரர் இடித்துச் சலித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இவரிடம் சொன்னால் குடிக்கமாட்டார். தவக்காலத்தில் பாடுவதற்கு மருந்து குடிக்கிறதா, கொடுத்தவர் கொடுக்கட்டும், எடுத்தவர் எடுக்கட்டும் என்பார். அதனால் சுக்குக் காப்பியில் கலந்தேன். அரைக் கரண்டி. காலையில், பதினோரு மணிக்கு, சாயங்காலம். பொட்டலத்தை ஒளித்து வைக்க எனக்கு ஒரே ஒரு இடம்தான் தெரிந்தது, என் ஜெபமாலைப் பை. இவர் எதைத் திறந்தாலும் அதைத் திறக்கமாட்டார். அதனால்தான் மணியெல்லாம் பிசுபிசுக்கிறது. அதனால்தான் முப்பத்து நாலு நாளாக என் ஜெபத்துக்கு இனிப்பு வாசனை. பரலோகத்துக்கு அது எட்டியிருந்தால் அங்கே என்ன நினைத்திருப்பார்கள்?

குரல் வந்தது. இரண்டு வாரத்தில் வந்தது, அதுதான் சிக்கல். முதலில் பேச்சு தெளிந்தது, பிறகு குளிக்கும்போது ஒரு முனகல், பிறகு ஒரு நாள் நான் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தபோது பின்வாசலிலிருந்து அந்தச் சொல் புறப்பட்டு வேப்பமரத்துக்கு மேலே போனது, உடையாமல். கோழிகள்கூட ஒரு நொடி கொத்தாமல் நின்றன, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. இவர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். "அமலோற்பவம்" என்றார். முழுப் பெயரும் சொன்னால் பெரிய விஷயம். "தந்துட்டா." மாதாவைச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் அரைக் கரண்டியை ஒரு கரண்டியாக்கினேன். அன்றைக்கு அது நன்றியறிதல் மாதிரி இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் யாராவது சாட்சி சொல்ல இருக்கிறார்களா என்று கேட்க, பெண்கள் வரிசைக்கு அப்பால் ஆண்கள் பக்கத்திலிருந்து இவர் எழுந்து நடந்தார். நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஒரு மருந்து சாப்பிடல. ஒரு மாத்திரை தொண்டைக்குன்னு எடுக்கல. வியாகுல மாதா எனக்குத் திருப்பித் தந்தா" என்றார். இருநூறு பேர் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் ஆமென் மற்றவர்களுடையதற்குப் பின்னால் தனியாக வந்து விழுந்தது போல எனக்கு மட்டும் கேட்டது. போனதற்கு முந்தின ஞாயிறு இன்னும் ஒன்று நடந்தது. கோவிலைவிட்டு எல்லாரும் போன பிறகும் இவர் மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கிட்டப் போனேன். "ஒனக்குத் தெரியுதா?" என்றார். "என்னது?" "தலையச் சுத்தி. மஞ்சளா. ஒரு வளையம்." எனக்கு மாதா தெரிந்தாள், அவள் நெஞ்சில் குத்திய ஏழு வாள் தெரிந்தது, பக்கத்தில் மெழுகுதிரி தெரிந்தது. வளையம் தெரியவில்லை. எனக்குத் தெரியாதது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பொய்க்காரிக்கு எப்படித் தெரியும் என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். இவர் என் தோளைத் தட்டி, "நீ குடுத்து வச்சவ, பக்கத்துல நின்னாலே போதும்" என்றார். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. குமட்டுகிறது என்கிறார். ஒருசந்தி நோன்பு இருக்கிறவருக்குச் சோறு எதற்கு என்று சிரிக்கிறார். நேற்றுக் காலையில் முகம் கழுவக் குனிந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மின்விசிறி தலைக்கு மேலே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிறீச். கிறீச், கிறீச், பிறகு ஒன்று விட்டுப்போகிறது, பிறகு கிறீச். எல்லாமே விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது. கண் செருகுகிறது, காலை மூன்றரைக்கு எழுந்தது. மூடிய கண்ணுக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம், ஜன்னல் வெயில்தான், அது பெரிதாகிக்கொண்டே வருகிறது, அதற்குள் மாதா நிற்கிறாள், அவள் கையில் பிளாஸ்க் இருக்கிறது, மூடியில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருக்கிறாள், நீங்களுமா இதைச் செய்தீர்கள் என்று கேட்கிறேன், அவள் ஒன்றும் சொல்லாமல் ஊதி ஊதி ஆற்றுகிறாள், மடியில் கிடக்கிறவருக்குக் கொடுப்பதற்கு, ஆனால் மடியில் கிடக்கிறவர் வாய் திறக்கமாட்டாரே, அவர் இறந்து போயிருக்கிறாரே, அம்மா அவர் இறந்து போயிருக்கிறாரே. விழித்துக்கொண்டேன். ஜெபமாலை கீழே விழுந்து கிடந்தது. பக்கத்தில் இருந்தவள் எடுத்துத் தந்தாள், தந்த கையை முகர்ந்து பார்த்தாள். "என்னக்கா, மிட்டாய் வாசம் அடிக்கு?" நான் ஜெபமாலையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். செலினும் கேட்டாள், குவைத்திலிருந்து, முந்தாநாள் போனில். அவளும் ஆஸ்பத்திரியில்தான் வேலை, நர்சு. "யம்மா, அப்பாவுக்கு நீயா ஏதும் கஷாயம் கிஷாயம் வச்சிக் கொடுக்கியா?" "ஏன்ட்டி அப்படிக் கேக்க?" "திடீர்னு குரல் வந்துட்டுன்னு சொன்னாவளே, அதான். இருதயத்துக்கு மாத்திரை எடுக்கவங்களுக்குக் கண்டதையும் கொடுக்கக் கூடாதும்மா." "மாதா தந்ததை ஒனக்கு ஏன் பொறுக்கல?" அப்படிக் கேட்டுவிட்டேன். பெற்ற பிள்ளையிடம். மாதாவின் பெயரை எடுத்து என் பொட்டலத்துக்கு மூடியாக வைத்தேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? சாமி, நான் காப்பியில் வேர் போட்டேன் என்றா? சொன்னால் இவர் சாட்சி என்ன ஆகும்? இருநூறு ஆமென் எங்கே போகும்? ராயப்பன் பெண்டாட்டி காப்பியில் கலந்த சரக்கு அது, அதைத்தான் மாதா என்று மைக்கில் சொன்னார் என்று பேசுவார்கள், இவர் முன்னால் சிரிக்கக்கூட மாட்டார்கள், போன வருஷம் போலவே ஒன்றும் சொல்லாமல் இருப்பார்கள், அதை இவர் தாங்கமாட்டார். பெரிய வெள்ளிக்கு இன்னும் பத்து நாள். பத்து நாள் மட்டும் ஓடிவிட்டால். பாடி முடித்துவிட்டால். பிறகு நிறுத்திவிடுகிறேன், பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிடுகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம். வேர்தானே. வேர் என்ன செய்யப்போகிறது. டொக். பேனா மூடுகிற சத்தம் எங்கிருந்தோ மறுபடி கேட்டது. "நாப்பத்து மூணு" என்றார்கள்.

பெனாசிர் ஒவ்வொரு அட்டையாகத் தட்டில் அடுக்கினாள், பின்பக்கம் திருப்பிப் படித்தாள், நோட்டில் எழுதினாள். அவள் விரல் நீளமாக, சுத்தமாக இருந்தது. "வேற?" "அவ்வளவுதான் தாயி." "லேகியம், பொடி, சத்து மாவு?" "இல்ல." இரண்டாவது தடவை. பேதுரு ஆண்டவரைத் தெரியாதென்று மூன்று தடவை சொன்னார், சேவல் கூவும் முன்னால். பிளாஸ்க் மடியில் சுட்டது. அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தாளை எடுத்தாள். "சரி, சில கேள்வி கேக்குறேன் அம்மா. இந்தச் சின்ன மாத்திரை எடுக்கிற எல்லாருகிட்டயும் கேக்குறதுதான். பசி எப்படி இருக்கு?" "பசி இல்ல." "குமட்டல்?" "இருக்கு. ஒரு வாரமா." "கண்ணு எப்படித் தெரியுது? பாக்கிறது மஞ்சளாத் தெரியுதா? விளக்கைச் சுத்தி, வெளிச்சத்தைச் சுத்தி வளையம் மாதிரி ஏதாவது சொன்னாரா?" வெளியே வராந்தாவில் யாரோ வாளியை வைத்தார்கள். அந்தச் சத்தம் வந்து முடிந்து நெடுநேரம் ஆன மாதிரி இருந்தது. "அது எதுக்கும்மா கேக்க?" "இந்த மாத்திரை உடம்புல கூடிப்போச்சுன்னா அப்படித் தெரியும்." "கூட ஒண்ணும் கொடுக்கலையே தாயி. ஒண்ணே ஒண்ணு. எண்ணித்தான் கொடுக்கேன்." "நீங்க கூட்ட வேண்டாம்மா. வேற ஏதாவது உள்ள போய் ரத்தத்துல இருக்கிற பொட்டாசியத்தைக் குறைச்சுட்டுன்னா, அதே ஒரு மாத்திரை ரெண்டு மூணு மாத்திரை வேலையைச் செய்யும். விஷம் மாதிரி ஆகிடும்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை வரும் போல என்று சொல்கிற மாதிரி. எனக்கு இவர் மாதா முன்னால் நின்ற முதுகு தெரிந்தது. கை இரண்டும் தொங்கவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போல. குரலை நான் திருடினேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன், வெளிச்சமாவது மாதாவுடையது என்று விட்டு வைத்திருந்தேன். அந்த வளையத்தையும் நானா கலக்கினேன்? அரைக் கரண்டியில் கொஞ்சம், ஒரு கரண்டியில் கொஞ்சம், அந்த மஞ்சளையும் நானா? இவர் கண்ணில் வளையமாக ஏறியது இவர் நெஞ்சில் நின்றுநின்று இறங்குகிறது. சேவல் ஒன்றும் கூவவில்லை, செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு எந்தச் சேவல் கூவும், ஆனால் மூன்றாவது தடவை வாய் வரவில்லை. பிளாஸ்கை எடுத்துத் தட்டில் வைத்தேன். பிறகு ஜெபமாலைப் பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நீலத் தட்டில் அது எவ்வளவு சின்னதாக இருந்தது. "இது மருந்தில்ல" என்றேன். என் குரல் இவருடைய பழைய குரல் மாதிரி, கொட்டாங்கச்சி மாதிரி வந்தது. பெனாசிர் பிரித்து முகர்ந்தாள். "அதிமதுரமா அம்மா?" "தொண்டைக்கு." "எவ்வளவு?" சொன்னேன். "எத்தனை நாளா?" அதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று கழுத்தைத் தாழ்த்திக்கொண்டேன். அவள் திட்டவில்லை. "நல்ல பொருள்தான் அம்மா. உங்க தொண்டைக்கு நல்லது, என் தொண்டைக்கு நல்லது. அவரு எடுக்கிற நீர் மாத்திரை பொட்டாசியத்தை வெளிய தள்ளும். இதுவும் தள்ளும். ரெண்டும் சேர்ந்து தள்ளுனா அவருக்கு என்ன மிஞ்சும்?" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள். "சார், நாப்பத்து மூணு. கெடைச்சிருச்சு." கெடைச்சிருச்சு. தொலைந்த சாவியைச் சொல்கிற மாதிரி அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். அந்தப் பக்கம் டாக்டர் என்னவோ கேட்டார். "இல்ல சார், அவங்களேதான் எடுத்து வச்சாங்க" என்றாள். அந்த ஒரு வரியை அவள் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. என்னைப் பார்த்து, "வெள்ளை மாத்திரை இப்போதைக்கு நிறுத்தம். ரத்த ரிப்போர்ட்டப் பாத்துட்டு பொட்டாசியம் ஏத்துவாங்க. ரெண்டு மூணு நாள் இங்க படுக்கணும், மெஷின்ல பாத்துக்கிட்டே இருப்பாங்க. நேரத்துல தெரிஞ்சுது, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நானும் ஆமென் என்றேன். இந்தத் தடவை அது பின்தங்கவில்லை.

பச்சைக் கதவைத் தள்ளினேன். பல்லி இப்போது இல்லை. இவர் சட்டையில்லாமல் படுத்திருந்தார், வெள்ளை முடி நெஞ்சில் வட்ட வட்டமாகப் பசை ஒட்டி, ஒயர்கள் நாலாபக்கமும் போக, ஏதோ மீன்வலையில் அகப்பட்டவர் போல. மெஷின் ஒவ்வொரு துடிப்புக்கும் கத்தியது, விட்டுப்போன இடத்தில் கத்தவில்லை. "அப்படியே நில்லு" என்றார். "என்னங்க?" "அசையாத." என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர். "இருக்கு. ஒன் தலையச் சுத்தியும் இருக்கு, அமலி. அவளுக்கு இருந்த மாதிரியே." திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் குழல்விளக்குதான் இருந்தது. அந்த ஒரு நொடி அப்படியே நின்றுவிடலாம் போலத்தான் இருந்தது, நாற்பத்தோரு வருஷத்தில் இவர் எனக்குச் சொன்ன மிகப் பெரிய வார்த்தை அது, அதை முந்தானையில் முடிந்துகொண்டு சும்மா இருந்துவிடலாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அது வெளிச்சம் இல்லங்க. காப்பி." "என்னது?" எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர், பொட்டலம், அரைக் கரண்டி, ஒரு கரண்டி, ஜெபமாலைப் பை, குரல், வளையம், மேசைப் பிள்ளை. ஒன்றையும் விடவில்லை. இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மெஷின் கத்தியது, கத்தியது, விட்டது, கத்தியது. பதினெட்டு வரை எண்ணினேன். "சாம்பல் புதன்லருந்தா?" "மறுநாள்லருந்து." "மூணு நேரமுமா?" "ஆமா." மறுபடி சுவர். பிறகு சுவரைப் பார்த்தே சொன்னார்: "இனிச்சுது. நீ எனக்குப் பாவப்பட்டு ஒளிச்சு ஒளிச்சுச் சீனி போடுதேன்னு நெனச்சேன். செலின்கிட்ட சொன்னா நிப்பாட்டிப்போடுவான்னு நான் வாயத் தொறக்கல." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்ந்து மூக்கு வழியாக வந்தது. இவர் தோளும் குலுங்கியது, மெஷின் அதற்கொரு கோணல் கோடு போட்டது. "கோவில்ல சொன்னதை என்ன செய்ய?" என்றார். "நான் போய்ச் சொல்லுதேன். நீங்க படுத்திருங்க, நான் மைக்கில சொல்லுதேன், எம்புருஷன் பொய் சொல்லல, அவருக்குத் தெரியாதுன்னு." "நீயா? மைக்கைக் கண்டா நீ தூணுக்குப் பின்னால போயிருவியே." "போகமாட்டேன்." பிறகுதான் அசல் கேள்வி வந்தது, மெல்ல, கொட்டாங்கச்சிக் குரலின் ஓரம் அதற்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி எனக்கு ஒரு பயம். "அப்ப பெரிய வெள்ளிக்கு நான் என்னத்த வச்சுப் பாடுவேன்?" எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு. பெரிய விஷயங்களுக்கு என்னிடம் வார்த்தை கிடையாது. ஆனால் கனவில் கண்ட அந்த மடி ஞாபகம் வந்தது, ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்த வாய். "இருக்கிறத வச்சுப் பாடுங்க" என்றேன். "மாதா காலையிலருந்து அழுதிருப்பா. சாயங்காலம் மடியில கெடத்தயில அவ தொண்டை மட்டும் தெளிஞ்சா இருந்திருக்கும்?" இவர் சுவரைவிட்டு முகத்தைத் திருப்பினார். என் தலைக்கு மேலே பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஒயர் ஒட்டாத கையை நீட்டி, மடியில் கிடந்த ஜெபமாலையைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார். "எத்தனையாவது மணியில நிக்க?" "மூணாம் பத்து. ஏழாவது." "சொல்லு." நான் பாதி சொன்னேன். ஜெபத்தின் மறுபாதியை இவர் சொல்ல வேண்டும். மெஷின் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தது, அதன் மேலே ஏறி, கரகரவென்று, இவர் குரல் வந்தது.